புகைக்கும் ஒரு சந்தை!

தோழர்களே, நிலத்தை விற்றார்கள். ஆற்று மணலை விற்றார்கள். குடிதண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். இப்போது புகையை விற்கிறார்கள். பேச்சுக்காகச் சொல்லவில்லை. "நான் ஒரு டன் கரியமில வாயுவைக் காற்றில் கலக்காமல் தடுத்தேன்" என்று ஒரு முதலாளி ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்கிறான். அந்தச் சீட்டை இன்னொரு முதலாளி காசு கொடுத்து வாங்கி, தன் ஆலைப் புகையைப் பழையபடி விட்டுக்கொண்டிருக்கிறான். இதற்குக் கார்பன் சந்தை என்று பெயர். உலகம் சூடேறுவதற்கு இதுவே கைகண்ட மருந்து என்று சர்வதேச மாநாடுகளில் சொன்னார்கள். டில்லி சர்க்காரும் இன்று அதையே சொல்கிறது.

"இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், நீங்கள் கூலியைப் பற்றி எழுதுங்கள்" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். கூலியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். வெயில் பூமியில் விழுகிறது. சூடேறிய பூமி அந்த வெப்பத்தை ஆகாயத்துக்குத் திருப்பி விடுகிறது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எதை எரித்தாலும் கிளம்புகிற கரியமில வாயு, அந்த வெப்பத்தில் ஒரு பங்கைப் போகவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. கம்பளி போர்த்தியவனின் உடம்புச் சூடு வெளியே போகாததுபோலத்தான். கண்ணுக்குத் தெரியும் கரும்புகை வேறு, இது வேறு. இதற்கு நிறமில்லை, நாற்றமில்லை. கரும்புகை நாலு மழையில் கீழே வந்துவிடும். கரியமில வாயுவில் ஒரு பெரும்பங்கோ நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும். நம் கொள்ளுப்பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் எரித்த கரியும் இன்று நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. சுவீடன் விஞ்ஞானி அர்ஹேனியஸ் 1896லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். நீராவி இயந்திர யுகத்துக்கு முன்னால் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958ல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அளவு ஏற ஏறச் சூடும் ஏறுகிறது. ஆலை யுகத்துக்கு முன்பிருந்ததைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடு கூடிய முதல் வருஷம் 2024.

ஒன்றரை டிகிரிதானே என்று நினைக்கக்கூடாது. கடும் வெக்கையில் மனித உடம்புக்குச் சூட்டைத் தணிக்க முக்கிய வழி வியர்வை காய்வது. ஸ்பின்னிங் கூடத்தில் நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரத்தை ஏற்றிவைக்கிறார்கள். நூலுக்கு நல்லது, சரி. அந்த ஈரத்தில் தொழிலாளியின் வியர்வை எப்படிக் காயும்? வெளியே சூடு ஒரு டிகிரி ஏறினால் உள்ளே நிற்பவருக்கு அது ஒரு டிகிரியோடு போவதில்லை. நடவு வயலிலும் இதே கதைதான். மேலே வெயில், கீழே கொதிக்கும் சேற்றுத் தண்ணீர், நடுவே குனிந்த முதுகு. வேலைத்தலத்தில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே பொழுதைத் தள்ளுகிற பெண்கள் எத்தனை பேர் என்று நம் சங்கத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு செம்பு, அப்புறம் வீடு திரும்பித்தான் என்பார்கள்.

மழையின் கதையும் மாறிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவிகிதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரேயடியாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒவ்வொரு புயலையும் மழையையும் கரிப்புகையின் கணக்கில் எழுதிவிட முடியாது, அது நியாயமும் அல்ல. ஆனால் சேதத்தின் கணக்கை யார் பெயரில் எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம். 2018ல் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைச் சீமையில் தென்னைகளைச் சாய்த்தது. மரத்துக்கு உரியவனுக்கு மரத்துக்கு இவ்வளவு என்று சர்க்கார் கணக்குப் போட்டது. அது வேண்டியதுதான், சிறு விவசாயி பிழைக்கவேண்டும். ஆனால் புதிதாக நட்ட கன்று காய்க்க வருஷங்கள் ஆகும். அத்தனை வருஷமும் மரம் ஏறியவருக்கும், மட்டை பின்னிய பெண்ணுக்கும் போன கூலியை எந்தத் தாசில்தார் எழுதினார்?

பஞ்சாலையில் பிறந்த புகை

இந்தப் புகை எங்கே ஆரம்பித்தது? மில்லில்தான். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சு மில்லில். முதலில் அங்கே ஆலைகள் ஆற்றோரம் நின்றன. நீர்ச்சக்கரம் கதிர்களைச் சுற்றியது. 1830களை ஒட்டி முதலாளிகள் நீரை விட்டு நீராவிக்குத் தாவினார்கள். ஆறு வற்றிவிட்டதா? இல்லை. நிலக்கரி மலிவா? அதுவும் இல்லை, நீர்தான் மலிவு. பிறகு ஏன்? சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆந்திரியாஸ் மால்ம் அக்காலத்து ஆவணங்களைப் புரட்டிக் காரணம் சொல்லியிருக்கிறார். ஆறு ஓடுகிற இடத்துக்கு ஆலை போகவேண்டும். அங்கே ஆட்களைக் கொண்டுவந்து, வீடு கட்டிக் குடிவைக்கவேண்டும். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் மாற்று ஆள் கிடைக்காது. நீராவி இயந்திரத்தையோ நகரத்துக்கே கொண்டுவரலாம். வேலையற்றவர்கள் வாசலில் காத்துக் கிடக்கிற இடத்திலேயே ஆலையை ஓட்டலாம். ஆக, முதலாளி கரியை எரித்தது நூல் நூற்பதற்காக மட்டுமல்ல, தொழிலாளியைக் கைக்குள் வைத்துக்கொள்வதற்காகவும்தான்.

தொழிலாளிகளுக்கும் இது தெரிந்திருந்தது. 1842 ஆகஸ்டில் கூலி வெட்டை எதிர்த்து எழுந்த லங்காஷயர்த் தொழிலாளர்கள் ஆலை ஆலையாகப் போய் பாய்லரின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். நீராவி போயிற்று, மில் நின்றது. அங்கே நீராவியில் நெய்த துணிதான் கப்பலேறி வந்து நம் நெசவாளியின் தறியை முடக்கியது என்பதை நமது தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கரி இல்லாமல் மில் ஓடாதா என்று கேட்டால், ஓடும். 1932ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின.

இன்றுவரை உலகம் எரித்த கரி, எண்ணெய் எல்லாவற்றிலிருந்தும் வந்த கரியமில வாயுவைக் கூட்டிப் பார்த்தால் நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு உள்ள இந்தியாவின் பங்கு சுமார் 3 சதவிகிதம். இன்றைய கணக்கிலும் அமெரிக்கனுக்குத் தலைக்கு வருஷம் சுமார் 14 டன், இந்தியனுக்கு சுமார் 2 டன். இப்படி எரித்துச் செல்வம் சேர்த்த நாடு என்ன செய்தது? 1997ல் கியோட்டோவில் ஒப்பந்தம் எழுதினார்கள். 2001ல் புஷ் அதை உதறினார். 2015ல் பாரிஸில் எழுதினார்கள். டிரம்ப் ஒருமுறை வெளியேறினார், பைடன் திரும்பச் சேர்ந்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடியும் வெளியேறும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். 2024ல் பாக்கூ மாநாட்டில் ஏழை நாடுகள் வருஷத்துக்கு 1,30,000 கோடி டாலர் கேட்டன. பணக்கார நாடுகள் 30,000 கோடிக்கு ஒப்புக்கொண்டன, அதுவும் 2035 வாக்கில். ஐரோப்பாவோ இன்னொரு வழியில் வருகிறது. நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து போகும் இரும்பு, அலுமினியம், சிமெண்டுக்கு அவற்றை உண்டாக்கும்போது வந்த புகைக்காக எல்லையில் வரி போடும் ஏற்பாட்டை 2026 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. இருநூறு வருஷம் புகைத்தவன் இன்று வாசலில் உட்கார்ந்து நம்மிடம் புகைவரி கேட்கிறான்!

கழிவு வாயுவில் கொள்ளை லாபம்

சந்தைக்கு வருவோம். கியோட்டோ ஒப்பந்தத்தில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். பணக்கார நாட்டு ஆலை தன் புகையைக் குறைக்கவேண்டாம், ஏழை நாட்டில் யாராவது குறைத்தால் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டால் போதும். ஒரு டன்னுக்கு ஒரு சீட்டு.

ஏர்கண்டிஷனிலும் குளிர்பதனப் பெட்டியிலும் அடைக்கும் வாயுவொன்று உண்டு, எச்.சி.எப்.சி.-22 என்பார்கள். அதை உற்பத்தி செய்யும்போது எச்.எப்.சி.-23 என்ற கழிவு வாயு வருகிறது. இது ஒரு டன் காற்றில் கலந்தால் 11,700 டன் கரியமில வாயு கலந்ததற்குச் சமம் என்று அன்று கணக்கிட்டார்கள். அவ்வளவு பொல்லாத வாயு. ஆனால் ஆலையிலேயே ஒரு உலை வைத்து எரித்துவிடலாம், செலவு சொற்பம். இனி கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கழிவை எரித்தால் 11,700 சீட்டு! சீனாவிலும், இந்தியாவில் குஜராத், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களிலும் இருந்த ஆலைகள், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இந்தச் சீட்டுகளைக் கோடிக்கணக்கில் விற்றன. உலகம் முழுவதும் இப்படிப்பட்ட ஆலைகள் மொத்தமே 19தான். அமெரிக்க ஆராய்ச்சியாளர் மைக்கேல் வாரா 2007ல் நேச்சர் பத்திரிகையில் இந்த வியாபாரத்தை உடைத்துக் காட்டினார். சீட்டுகளுக்குப் போகவிருந்த பணம் 470 கோடி யூரோ. அந்த வாயுவை எரிக்க ஆகும் உண்மையான செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு. விற்பனைச் சரக்கில் கிடைத்ததைவிடக் கழிவில் கிடைத்தது அதிகம்.

லாபம் கழிவில் என்றால் முதலாளி என்ன செய்வான்? கழிவைப் பெருக்குவான். சீட்டுக்குத் தகுதியான அளவு எட்டும்வரை சில ஆலைகள் உற்பத்தியை முடுக்கிவிட்டதும், சீட்டு கிடைக்காத காலத்தில் அதே ஆலைகளில் கழிவு குறைந்துபோனதும் 2010ல் அம்பலமாயிற்று. எலி வாலுக்குக் காசு என்று அறிவித்தால், வயலில் எலி பிடிக்கிற ஏழை எலிதான் பிடிப்பான். முதலாளியிடம் சொன்னால் எலிப் பண்ணை வைத்துவிடுவான்.

இந்தச் சீட்டெல்லாம் எங்கே போயிற்று? ஐரோப்பிய ஆலைகளின் புகைப்போக்கிக்குப் போயிற்று. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு டன் அங்கே கூடுதலாகப் புகைத்தார்கள். நாற்றம் தாங்காமல் ஐரோப்பிய யூனியன் 2013ல் இந்தச் சீட்டுகளுக்குத் தடை போட்டது.

முடிவுதான் இந்தக் கதையிலேயே முக்கியம். 2016 அக்டோபரில் கிகாலி நகரத்தில் சர்வதேசப் பேச்சுவார்த்தை நடந்த சமயம், இந்திய சர்க்கார் இந்த வாயுவை உற்பத்தி செய்த ஆலைகளுக்கு ஒரு உத்தரவு போட்டது: கழிவு வாயுவை உங்கள் சொந்தச் செலவில் எரித்துவிடுங்கள். சீட்டு இல்லை, சந்தை இல்லை, தரகன் இல்லை. ஆலை ஏதாவது மூழ்கிப் போயிற்றா? இல்லையே. ஒரு காகித உத்தரவில் முடிகிற காரியத்துக்குப் பத்து வருஷம் கொள்ளை லாபம் கொடுத்திருக்கிறார்கள்.

உத்தரவுக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. வானத்தில் ஓசோன் படலத்தைத் தின்ற வாயுக்களை 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் நாள் குறித்துத் தடை செய்தது. ஏழை நாடுகள் மாற்று இயந்திரம் வாங்கப் பணக்கார நாடுகள் நிதி போட்டன. ஓசோன் படலம் இன்று மெல்ல ஆறிவருகிறது. மாற்றுச் சரக்கும் அதே கம்பெனிகளின் கையில் இருந்ததால் அவர்கள் பெரிதாகச் சண்டை போடவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். நிலக்கரி, எண்ணெய் முதலாளிகள் அப்படி விட்டுவிடமாட்டார்கள். எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970களின் கடைசியிலும் 1982லும் உலகம் சூடேறும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி அதை வைத்துக்கொண்டே, "இன்னும் நிச்சயமில்லை" என்று ஊரைக் குழப்பப் பணத்தை இறைத்தது.

காற்றாலையும் கைக்கூலியும்

நம் ஊருக்கு வருவோம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளில் எத்தனையோ நூற்பாலை முதலாளிகளுக்குச் சொந்தம். காற்றாலை நல்லது, அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. 1990களில் காற்றாலை வாங்கியவனுக்கு அதன் விலை முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாக எழுதி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதித்தது. பிறகு இந்தக் கார்பன் சீட்டு வந்தபோது தமிழ்நாட்டு மில் முதலாளிகள் பலர் கூட்டாகச் சேர்ந்து காற்றாலைகளைக் காட்டி அதையும் வாங்கினார்கள். வரிச் சலுகை ஒன்று, மலிவு மின்சாரம் இரண்டு, சீட்டு விற்ற காசு மூன்று. அதே காலத்தில் அதே வட்டாரத்து மில்கள் பலவற்றில் தென்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் விடுதிக்குள் அடைபட்டு, மூன்று வருஷம் முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று உழைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று மிச்சப்படுத்திக் கொடுத்த பணத்தில் அந்தப் பெண்களின் தினக்கூலிக்கு எத்தனை பைசா வந்தது?

கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. சூரியனுக்குச் சொந்தக்காரன் இல்லை. பலகைக்கு உண்டு, அதானி. ஆடு மேய்ந்த கரிசல் காட்டில் இன்று வேலி நிற்கிறது.

இப்போது 2023ல் மத்திய சர்க்கார் உள்நாட்டிலேயே கார்பன் சீட்டு வர்த்தகத் திட்டம் ஒன்றை அறிவித்திருக்கிறது. சிமெண்ட், அலுமினியம், காகிதத்தோடு துணித் தொழிலும் அதன் பட்டியலில் உண்டு. இதில் மொத்தப் புகைக்கு உச்சவரம்பு கிடையாது. உற்பத்தியாகும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் இவ்வளவுக்கு மேல் புகை கூடாது என்பதுதான் விதி. சரக்கை இரண்டு மடங்கு செய்தால் மொத்தப் புகை ஏறலாம், சீட்டும் வாங்கலாம். நாளை மில் நிர்வாகம், "கார்பன் செலவு ஏறிவிட்டது, பஞ்சப்படி உயர்வுக்கு வழியில்லை" என்று பேச்சுவார்த்தை மேஜையில் சொல்லும். சீட்டு விற்று லாபம் வந்தால் அந்தக் கணக்கை மேஜைக்குக் கொண்டுவரமாட்டார்கள். நமது சங்கத் தலைவர்கள் இந்தக் கணக்குப் புஸ்தகத்தைப் படிக்க இன்றே கற்றுக்கொள்ளவேண்டும்.

"சீனாவும்தானே எரிக்கிறது?" என்று கேட்கிறார்கள். வாஸ்தவம். இன்று வருஷாவருஷம் உலகத்தில் வரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சீனாவுடையது. இதை மறைப்பதில் பிரயோசனமில்லை. அதில் ஒரு பகுதி அமெரிக்கனும் ஐரோப்பியனும் வாங்கும் சாமான்களுக்காக எரிப்பது. உலகத்தின் சூரியப் பலகைகளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் செய்வதும் அதே சீனா. பலகை விலை இவ்வளவு இறங்கியதற்கு அங்கே சர்க்கார் திட்டம் போட்டுத் தொழிலை வளர்த்தது முக்கியக் காரணம்.

நம் நாட்டு முதலாளியின் தந்திரம் வேறு. மாநாட்டில், "நாங்கள் ஏழை நாடு, தலைக்கு 2 டன்தான்" என்று நம் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ரிங் பிரேம் முன்னால் நிற்கும் பெண்ணின் பங்கையும் சொந்த விமானத்தில் பறப்பவனின் பங்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற சராசரி அது. 2019ஆம் வருஷக் கணக்கில், உலகத்தின் பெரும் பணக்காரர்களான 1 சதவிகிதம் பேர் விட்ட புகையும், அடித்தட்டிலுள்ள 66 சதவிகிதம் பேர், அதாவது சுமார் 500 கோடி ஜனங்கள் விட்ட புகையும் சமம் என்று ஆக்ஸ்பாம் ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. பணக்கார நாட்டோடு பேசும்போது நம் நாட்டுக்காகப் பேசுவோம். நாட்டுக்குள்ளே வந்ததும் இந்த இரண்டாவது கணக்கை எடுப்போம்.

நாளையே எல்லா நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடு என்பவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் கரியிலிருந்துதான் வருகிறது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரத்துக்காக எத்தனை வருஷமாகப் போராடிவருகிறார்! சுரங்கத்துக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் போனவனும், சுரங்கத்தில் வேலை செய்பவனும் ஒருவனுக்கொருவன் எதிரி என்று காட்டத்தான் நிர்வாகங்கள் விரும்புகின்றன. கரியிலிருந்து வெளியேறுவதற்கு நாள் குறிக்கட்டும். புதிய மின்சாரம் சர்க்கார் துறையில் வரட்டும். அங்கே முதல் வேலை பழைய சுரங்கத் தொழிலாளிக்கு, அதே சம்பளத்தில், நிரந்தரமாக என்று அந்த உத்தரவிலேயே எழுதட்டும்.

அதுவரை வெயில் காத்திருக்காது. 2024ல் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லது. ஆனால் செத்த பிறகு கொடுப்பதைவிடச் சாகாமலிருக்கச் செய்வது செலவு குறைவு. கோடைக் காலத்தில் பகல் 12 முதல் 3 வரை வயலிலும் ரோட்டிலும் கட்டிட வேலையிலும் ஓய்வு, அந்த மூன்று மணிக்கும் கூலி. வேலைத்தலத்தில் நிழல், குடிதண்ணீர், பெண்கள் ஒதுங்க மறைவிடம். மில்லுக்குள் ஒவ்வொரு கூடத்திலும் தொழிலாளி கண்ணுக்குத் தெரியும்படி சூட்டையும் ஈரத்தையும் காட்டும் மானி, குறித்த அளவு தாண்டினால் இயந்திரத்தை நிறுத்தும் உரிமை, நின்ற நேரத்துக்குச் சம்பளம். காற்றாலையும் சீட்டும் வைத்திருக்கிற மில்லில் இதற்குப் பணமில்லை என்ற பேச்சே எழக்கூடாது.

இந்தக் கோரிக்கைகளை அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குக் கொடுக்கும் மகஜரில் முதல் தாளிலேயே எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் பதினெட்டாவது ஷரத்தாகப் போட்டால், போனஸ் பேரம் முற்றுகிறபோது முதலில் அடிக்கப்படுவது அதுதான். மானி வாங்கக் காத்திருக்கவும் வேண்டாம். வருகிற பங்குனியிலிருந்தே ஒவ்வொரு ஷிப்டிலும் யார் மயங்கி விழுந்தார், எந்தக் கூடத்தில், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் இதையே செய்யட்டும். தேதியும் நேரமும் போட்டிருக்கவேண்டும், பக்கத்தில் நின்றவர் கையெழுத்தும் இருக்கவேண்டும்.